பார்த்த சனத்துக்கு முன்னால் எதைக் காட்டுவது?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் 2009இல் போரின் கடைசி மாதங்களை வைத்து நாடகம் ஒன்று எழுதிப் பழகுகிறார்களாம். அதில் நடிக்கிற ஒரு பிள்ளையின் அம்மம்மா "இதை ஆடி என்ன வரப்போகுது, போன சனம் எழும்பி வருமே?" என்று கேட்டிருக்கிறார். நாடகத்தால் என்ன முடியும், எதற்கு மேல் அதால் ஏலாது, நெடுங்காலமாக எழுதுகிற ஆள் என்ற முறையில் சொல்லுங்கோ என்பதுதான் தங்கச்சியின் கேள்வி.

அம்மம்மாவுக்கு நேர்ப் பதில்: எழும்பி வராது. நாடகம் போன உயிரைத் தராது. காணாமல் போன பிள்ளையைத் தேடித் தராது, காணியை விடுவிக்காது, யாரையும் கூண்டில் ஏற்றாது. கலை எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்று பட்டறைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள், பரிசளிப்பு விழாக்களிலும் பேசுகிறார்கள். நான் அதை நம்பவில்லை, என் நாடகங்களைப் பார்க்க வந்த எந்தத் தாயிடமும் அப்படிச் சொன்னதும் இல்லை. அதற்காக ஆட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆடுங்கள். ஆனால் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதைத் தீர்மானித்த பிறகு ஆடுங்கள்.

உங்கள் மண்டபத்தில் என்ன நடக்கப்போகிறது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். வழக்கமாக மேடையில் நிற்கிறவருக்குக் கதை தெரியும், கீழே இருக்கிறவருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் அந்த நாட்களில் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. கீழே கதிரையில் இருக்கப்போகிற பெற்றோரும் பேரன் பேத்தியை கூட்டிக்கொண்டு வருகிற கிழவிகளும் மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள். ஆடுகிறவர்கள் பார்க்காதவர்கள், பார்க்கிறவர்கள் பார்த்தவர்கள். இந்தத் தலைகீழ் நிலையை மறந்துவிட்டு ஒத்திகையைத் தொடங்கினால் என்ன திறமை இருந்தாலும் பிழையாகிப் போகும்.

இந்தச் சிக்கல் உலகத்தில் முதல் தடவையாக எங்களுக்கு வந்ததும் இல்லை. கி.மு. 494இல் பாரசீகப் படை மிலேத்தஸ் என்ற நகரத்தை அழித்தது. அங்கே இருந்தவர்கள் ஏதென்ஸ்காரருக்கு உறவு முறையான சனம். கொஞ்சக் காலத்துக்குள் பிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த அழிவையே நாடகமாக எழுதி ஏதென்ஸில் மேடையேற்றினார். முழு அரங்கும் அழுதது. இன்றைக்கு ஒரு நெறியாளர் அதைப் பெரிய வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரிவார். ஏதென்ஸ்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? சொந்தத் துயரத்தை ஞாபகப்படுத்திவிட்டார் என்று பிரினிக்கஸுக்கு 1000 திராக்மா தண்டம் போட்டார்கள், இனி ஒருவரும் அந்த நாடகத்தை ஆடக் கூடாது என்று தடையும் போட்டார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் தன் நூலில் எழுதி வைத்திருப்பதால் எங்களுக்குத் தெரியும். நாடகம் கிடைக்கவில்லை.

தடை போட்டது சரியா என்று கேட்டால், இல்லை. எழுதுகிறவன் ஒருவன் தடையை எப்படி ஆதரிப்பான்? ஆனால் அந்தச் சனத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லவில்லை. தெரிந்ததையே, தப்பிப் போக வழியில்லாத ஒரு இடத்தில் இருத்தி வைத்து, திரும்பக் காட்டினார்.

அதே ஏதென்ஸில் கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தைப் போட்டார், முதல் பரிசும் எடுத்தார். பாரசீகர்களை ஏதென்ஸும் மற்றக் கிரேக்கரும் சேர்ந்த கடற்படை தோற்கடித்த சலாமிஸ் போர் முடிந்து அப்போது எட்டு வருசந்தான். ஈஸ்கிலஸ் தானே பாரசீகருக்கு எதிரான மரதன் போரில் நின்று சண்டை பிடித்தவர், அவருடைய சகோதரன் அங்கே செத்தவர். அப்படிப்பட்ட மனிதர் நாடகத்தை எங்கே வைத்தார் என்றால், எதிரியின் அரண்மனையில். பாரசீக அரசனின் தாய் மகன் வருவான் வருவான் என்று காத்திருக்கிறாள். ஒரு தூதன் வந்து கடலில் நடந்ததைச் சொல்கிறான். ஒரு கப்பல் கூட மேடைக்கு வரவில்லை, ஒரு வாள் கூட உயரவில்லை. கடைசியில் மகன் கிழிந்த உடுப்போடு வந்து சேர்கிறான், எல்லாருமாக ஒப்பாரி வைக்கிறார்கள். வென்றவர்கள் கூடியிருந்த அரங்கத்தில் தோற்றவனின் தாய் அழுகிறாள், அதைப் பார்த்துக்கொண்டு வென்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்குப் பிறகும் அதை ஆடக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் அந்தத் தூரம்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் நிலைமை வேறு, நாங்கள் வென்ற பக்கத்தில் இல்லை, அதனால் ஈஸ்கிலஸ் செய்ததை அப்படியே எடுத்துச் செய்ய ஏலாது. ஆனால் மேடையில் எதைக் காட்டாமல் விட்டார் என்பதைப் படிக்கலாம்.

சரி, ஏதென்ஸை விட்டு வற்றாப்பளைக்கு வருவோம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறதுதான். வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். மதுரையை எரித்த கண்ணகி ஆறாத கோபத்தோடு இந்தப் பக்கம் வந்து, நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெடியளிடம் ஒரு கிழவியாக வந்து சாப்பாடு கேட்டாள், பெடியள் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் கடல் தண்ணீரில் எரித்தார்கள், தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண் என்று கதை சொல்வார்கள். அந்த நந்திக்கடல் கரையில்தான் 2009 மே மாதம் போர் முடிந்தது. பொங்கலும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் சில வருசங்களில் கிட்டக் கிட்ட வந்துவிடும். இரண்டுக்கும் போகிற சனம் ஒரே சனம்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை, முல்லைமோடி என்று சொல்கிற அந்த ஆட்டத்தை, நீங்கள் பாடத்திட்டத்தில் ஒரு கூத்து வகையாகப் படிப்பித்திருப்பீர்கள். நான் கேட்பது, இரவிரவாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? வழக்குரைக்கும் இடம் வரும்போது விடியப்புறமாகிவிடும். பாதிச் சனம் பாயில் சரிந்து கிடக்கும், பிள்ளைகள் நித்திரை. தலைவிரி கோலத்தில் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு வருகிற வரவுப் பாட்டு எழும்பினதும் படுத்திருந்த கிழவிகள் ஒவ்வொருவராக எழும்பி நிமிர்ந்து இருப்பார்கள். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. மத்தளம் மாறினதே காணும். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாட, கண்ணகி அரசனைக் கேட்கிறாள். விசாரிக்காமல் என் புருசனை ஏன் கொன்றாய்? கேட்கிறவள் கண்ணகி, கேட்கப்படுகிறவன் பாண்டியன். ஆனால் அந்தக் களரியைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் தன்னுடைய கேள்வியை அதற்குள் வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணகி ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தின பெண், அவளுடைய ஊர் புகார், அவள் விருத்தம், தரு என்ற கூத்துப் பாட்டுகளில் பேசுகிறாள், தாளத்துக்கு ஆடுகிறாள், பெரும்பாலும் அவளாக ஆடுகிறவர் ஒரு ஆம்பிளை. இவ்வளவு தூரம் இருப்பதால்தான் அவளுக்குக் கிட்டப் போய் இருக்க முடிகிறது.

இளங்கோவடிகளும் இந்த இடத்தில் ஒரு வேலை செய்திருக்கிறார். "தேரா மன்னா" என்று கண்ணகி தொடங்குகிறாள், சிலம்பு உடைகிறது, "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் விழுந்து சாகிறான். நீதி கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த தேவி நடுங்கிப் போய், "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்று புருசனின் காலைத் தொழுது விழுகிறாள். தாய் தகப்பனை இழந்தவருக்கு அந்த முறையில் வேறொருவரைக் காட்டி ஆறுதல் சொல்லலாம், புருசனை இழந்தவளுக்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை என்று பழைய உரைகள் விளக்கும். என் நாடகங்கள் எல்லாவற்றுக்கும் மேலே எழுதி ஒட்டி வைக்கவேண்டிய வரி அது. மூன்று வகைத் திரைச்சீலை, எழுகோல் அகலம் எண்கோல் நீளம் ஒருகோல் உயரம் என்று அரங்கின் அளவு, தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைப்பது என்று மேடையைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதின மனிதர், காட்டுவதற்கென்றே இருக்கிற ஒரு கலையை உள்ளும் புறமும் அறிந்தவர், காட்ட ஒன்றும் இல்லாத இடம் ஒன்று உண்டு என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன். மீள்குடியேற்றம் நடந்து கொஞ்சக் காலத்தில் ஒரு கோயில் திருவிழாவில் அரிச்சந்திர மயான காண்டம் ஆடினார்கள். யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்து 3000 தடவைக்கு மேல் மேடையேற்றியதாகச் சொல்லப்படுகிற அந்த நாடகந்தான், அவருக்குப் பிறகும் ஊரூராகப் பலர் ஆடி வருகிறார்கள். கதை எல்லாருக்கும் மனப்பாடம். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி இரவில் தனியே சுடலைக்கு வருகிறாள். சுடலையைக் காக்கிறவன் மறிக்கிறான். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி தராமல் இங்கே பிணம் எரியக் கூடாது என்கிறான். மறிக்கிறவன் அவளுடைய புருசன், கிடக்கிறது அவனுடைய மகன், இருட்டில் இருவருக்கும் தெரியவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்று சந்திரமதி பாடுகிற இடத்தில், முன்னால் பாயில் இருந்த ஒரு வயதான அம்மா எழும்பினார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு குத்திக் காசை எடுத்து மேடை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அரிச்சந்திரனாக நின்றவர் பாட்டை நிறுத்தவில்லை, காசைக் குனிந்து பார்க்கவும் இல்லை. ஆர்மோனியக்காரர் மட்டும் அந்த அடியை இன்னொரு தரம் வாசித்தார்.

அந்த அம்மா யாரை எங்கே எப்படி விட்டுவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. கிடங்கு வெட்டி மூடக் கூட நேரம் இல்லாமல், கும்பிட்டுவிட்டு நடந்த சனம் இது. சடங்கு செய்யவில்லை, வாய்க்கரிசி போடவில்லை என்பது இன்றைக்கும் பல வீடுகளில் சொல்லப்படாமல் கிடக்கிற துக்கம். அந்தக் குத்திக் காசு சந்திரமதிக்காக வைக்கப்பட்டது, சந்திரமதிக்காக மட்டும் வைக்கப்படவில்லை. மேடையில் தறப்பாள் கூடாரமும் பங்கரும் செல் சத்தமும் இருந்திருந்தால் அவர் எழும்பி வெளியேதான் போயிருப்பார். நாடகத்தால் என்ன முடியும் என்று கேட்டீர்களே, நான் கண்ணால் கண்டதில் இதுதான் பெரியது. அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று கூட நான் சொல்ல மாட்டேன். செய்ய ஏலாமல் போன ஒன்றைச் செய்வதற்கு ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

இனி மற்றப் பக்கத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் வன்னியில் நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. நாடகத்தால் ஒன்றும் ஏலாது என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஆடப்பட்ட தெருவெளி நாடகங்கள் ஞாபகம் இல்லைப் போல. போர்க் காலத்தில் சந்திகளிலும் பள்ளிக்கூட முற்றங்களிலும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக நாடகங்கள் ஆடப்பட்டன. ஆடினவர்கள் திறமையானவர்கள். பறை அடித்து, பாட்டுப் பாடி, வட்டமாகச் சனத்தை நிறுத்தி, வீட்டில் தாய் அழ மகன் புறப்பட்டுப் போகிற காட்சியை ஆடுவார்கள். பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் சிலர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆடினவர்களில் பலர் தாங்களும் திரும்பவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர்கள் தாங்கள் நம்பினதைத்தான் ஆடினார்கள். ஆனால் அது நாடகம் செய்த வேலை. அதே கலையைத்தான் நீங்களும் நானும் கையில் வைத்திருக்கிறோம்.

பிரேசில் நாட்டு நெறியாளர் அகுஸ்தோ போவால் தன் அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் அவருடைய குழு வடகிழக்குப் பிரேசிலின் ஏழை விவசாயிகளிடம் போய், நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று துவக்குகளை உயர்த்திப் பாடி நாடகத்தை முடித்தது. விர்ஜிலியோ என்ற விவசாயி கண்கலங்கி ஓடி வந்தார். நீங்கள் எங்கள் மாதிரியே நினைக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டு உங்கள் துவக்கோடு வாருங்கள், எங்கள் காணியைப் பிடித்திருக்கிறவனின் அடியாட்களோடு சேர்ந்து சண்டை போடுவோம் என்றார். இது நாடகத்துக்குச் செய்த துவக்கு, சுடாது என்று இவர்கள் சொன்னார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிறையத் துவக்கு இருக்கிறது, நீங்கள் வந்தால் சரி என்றார் அவர். நாங்கள் உண்மையான கலைஞர்கள், ஆனால் உண்மையான விவசாயிகள் இல்லை என்று இழுக்க, விர்ஜிலியோவுக்கு விசயம் விளங்கிவிட்டது. அப்ப நீங்கள் சிந்தச் சொல்கிற இரத்தம் எங்களுடையது, உங்களுடையது இல்லை, அப்படித்தானே என்று கேட்டார். அதற்குப் பிறகு போவால் தான் எடுக்காத ஆபத்தை மற்றவரை எடுக்கச் சொல்கிற நாடகம் எதையும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். பார்க்கிறவரே எழும்பி வந்து காட்சியை மாற்றி ஆடுகிற அரங்க முறையைப் பிற்காலத்தில் உருவாக்கினவர் அவர்தான், உங்கள் பாடத்திலும் வரும். தேர்வுக்கு அந்த முறையைப் படிப்பிக்கும்போது தயவுசெய்து விர்ஜிலியோவையும் சேர்த்துப் படிப்பியுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்குவதை விட வேகமாக விளங்கும்.

எழுதுகிறவர் நினைத்ததைத்தான் சனம் எடுத்துக்கொள்ளும் என்றும் இல்லை. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1939இல் எழுதின 'துணிச்சல் தாய்' நாடகத்தில் ஒரு பெண் வண்டில் ஒன்றை இழுத்துக்கொண்டு சண்டைக்குப் பின்னாலேயே போய் வியாபாரம் செய்கிறாள், ஒவ்வொரு பிள்ளையாகப் பறி கொடுக்கிறாள், கடைசி வரைக்கும் ஒன்றும் படிக்கவில்லை. அவள் படிக்காததைப் பார்த்துச் சனம் படிக்க வேண்டும் என்பது பிரெக்டின் கணக்கு. 1941இல் சூரிச்சில் ஆடியபோது சனம் ஐயோ பாவம் தாய் என்று அழுதது. பிரெக்டுக்குப் பிடிக்கவில்லை, காட்சிகளைத் திருத்தி அவளை இன்னும் கடுமையாக எழுதினார். அதற்குப் பிறகும் அழுதார்கள். பிள்ளையைப் பறி கொடுத்த தாயைப் பார்த்து அழாதே என்று சொல்ல எந்த எழுத்தாளனாலும் ஏலாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

எங்கள் பக்கத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் இந்தக் கோட்டில் நின்று எழுதினவர். 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தின 'மண் சுமந்த மேனியர்' ஒரு காலத்தின் குரல். பிறகு 'அன்னை இட்ட தீ', போர் மனதைக் குடைகிற விதத்தைப் பற்றி. 'எந்தையும் தாயும்', பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனியே கிடக்கிற தாய் தகப்பன் பற்றி. எனக்கு இந்தக் கடைசி நாடகம்தான் நெஞ்சுக்குக் கிட்ட. வீட்டில் யார் இல்லை என்பதை வைத்தே போரைச் சொல்கிற நாடகம் அது. உங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டிய முதல் பிரதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நான் மிகவும் பயப்படுகிற எல்லை ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பின பிரதியின் கடைசிக் காட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தாய்மார் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் சோகப் பாட்டு, எல்லாரும் உறைநிலை, திரை. அதை எடுத்துவிடுங்கள்.

ஏன் என்றால், கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தெருவோரத்தில் வந்து இருந்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களிலும் இருந்தார்கள். வருசக் கணக்காகப் போராடினார்கள், பதில் கிடைக்காமலே செத்துப் போன தாய் தகப்பன் பலர். அவர்கள் கையில் இருக்கிற படம் அரசாங்கத்திடம் நீட்டப்படுகிற கேள்வி. அதே படத்தை ஒரு பிள்ளை மேடையில் பிடித்தால் அது மேடைப் பொருள். கை தட்டினதும் அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சரியோ பிழையோ, எந்த நாடகத்துக்கும் ஒரு முடிவு வேண்டும். கூத்துக்கு மங்களம் பாட வேண்டும், நாடகத்துக்குத் திரை விழ வேண்டும், சனம் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டும். கண்ணகியின் கதை முடிந்தது. சந்திரமதிக்கும் கடைசியில் தெய்வம் வந்து பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறது. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் ஒரு தாய் இத்தனை வருசமாகச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிற கதைக்கு முடிவு இல்லை. முடிவு இல்லாத ஒன்றை எடுத்து, எங்கள் கலை கேட்கிறது என்பதற்காக அதற்கு ஒரு முடிவு வைத்தால், எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் அது பொய். அதை விட மோசம், பார்த்த சனம் ஏதோ ஒன்று நிறைவேறின மாதிரி எழும்பிப் போகும். ஒன்றும் நிறைவேறவில்லை.

1993இல் பொஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சரயேவோ நகரத்தில் சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் நாடகாசிரியர் பெக்கட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் போட்டார். இரண்டு அங்க நாடகம் அது, இரண்டு அங்கத்திலும் கோடோ வரமாட்டார். அவர் முதல் அங்கத்தை மட்டும் போட்டார். முதல் அங்கத்தின் துயரமே அந்தச் சனத்துக்குக் காணும், கோடோ வராமல் போவதை இரண்டாம் தரமும் அவர்கள் தாங்க வேண்டாம் என்று தனக்குத் தோன்றியிருக்கலாம் என்று பிறகு எழுதினார். பெக்கட் பிரியர்களுக்கு அது குறையாகத் தெரியலாம். எனக்கு அது நாடகம் தெரிந்த ஒருவர் சனத்தைப் பார்த்து எடுத்த முடிவாகத் தெரிகிறது. ஒரு முழு அங்கத்தையே விட்டுக் கொடுக்கிற துணிவு எங்களுக்கும் வர வேண்டும்.

இனி உங்கள் பிரதிக்கு வருகிறேன். நல்ல பிரதி. மூன்றாம் காட்சியில் பிள்ளைகள் தண்ணி அள்ளப் போகிற வரிசையில் சண்டை பிடித்து, பிறகு ஒரு போத்தல் தண்ணியை மாற்றி மாற்றிக் குடிக்கிற இடம் அருமை, அதை எழுதின பிள்ளைக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அது யாரோ பெரிய ஆள் ஒருவர் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன உண்மைச் சம்பவமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சொன்னவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் வையுங்கள். ஆள் தெரியாதபடி மாற்றினாலும் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரியும்.

செல் விழுகிற ஒலிப்பதிவை வெட்டுங்கள். பறையாலோ தகரத்தாலோ அதைப் போலச் சத்தம் எழுப்புவதும் வேண்டாம். திடீரென்று வருகிற சத்தம் எங்கள் ஆக்களுக்கு நாடகமாகக் கேட்காது, உடம்பு முந்திவிடும். இருட்டில் பெரிய வெளிச்சம் அடிப்பதும் அப்படித்தான். சிவப்புத் தண்ணியும் வேண்டாம். சொந்த வீட்டில் இழப்பு இருக்கிற பிள்ளையை அந்த இழப்பையே நடிக்க வைக்க வேண்டாம், அந்தப் பிள்ளை தானாகக் கேட்டாலும் வேறு பாத்திரம் கொடுங்கள். சாகிற காட்சி கட்டாயம் தேவை என்றால் ஒருவர் வந்து சொல்லட்டும், ஈஸ்கிலஸின் தூதன் மாதிரி, கூத்தில் கட்டியகாரன் மாதிரி. சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர் தனக்குத் தாங்கக்கூடிய அளவை மட்டும் எடுத்துக்கொள்வார்.

தொடங்குவதற்கு முதல் ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து இது எதைப் பற்றிய நாடகம் என்று சொல்லட்டும். விரும்பினவர் எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்றும் சொல்லட்டும், கதவைப் பூட்ட வேண்டாம். எழும்பிப் போகிறவரோடு கூடப் போய் இருக்க ஊருக்குத் தெரிந்த ஒரு அக்காவையோ ரீச்சரையோ ஆயத்தமாக வைத்திருங்கள். முடிந்ததும் உடனே மேசை கதிரை அடுக்கத் தொடங்காமல் தேத்தண்ணி கொடுங்கள். சனம் கதைக்கும், அல்லது கதைக்காமல் இருக்கும். அந்த நேரம் நாடகத்தின் பகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள், கருத்துக் கேட்க மைக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

முதல் ஆட்டத்தைத் தமிழ்த்தினப் போட்டிக்காக வைக்க வேண்டாம். நடுவர்கள் நேரத்தையும் உச்சரிப்பையும் ஒப்பனையையும் பார்ப்பார்கள், அது அவர்களுடைய வேலை. முதலில் அந்த அம்மம்மாவையும் அவரைப் போன்ற நாலைந்து பேரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்கிற காட்சியை வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அம்மம்மா முழுதாகவே வேண்டாம் என்றால் இந்த வருசம் விடுங்கள், பிள்ளைகள் கோவலன் கூத்தில் வழக்குரைக்கும் பகுதியைப் பழகட்டும். முள்ளியவளைப் பக்கம் அதைச் சொல்லிக் கொடுக்கக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேவையென்றால் எழுதுங்கள், நான் ஒழுங்கு செய்து தருகிறேன்.